முழங்காலுக்கு அடியில் ஒரு கோப்பை

மலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது வெந்நீர் வருமா என்பதைத்தான். வழியில் ஓநாய் இருக்குமா, பனிச்சரிவு உண்டா என்றெல்லாம் கேட்பார்கள் என்று நினைத்துத்தான் நான் விடுதி கட்டினேன். யாரும் கேட்டதில்லை. பையை இறக்கியதும் வெந்நீர், அப்புறம் வைஃபை, அதற்கும் அப்புறம்தான் மலை. என் வீட்டில் வெந்நீர் நன்றாக வரும், ஐயா. இத்தாலியில் வேலை செய்யும் என் பிள்ளைகள் நல்ல கொதிகலனாகப் பார்த்து அனுப்பியிருந்தார்கள். குளிக்கத்தான் ஆள் இல்லை.

என் பெயர் வுக்சான். லிஸ்னா கிராமத்தில் ஓடைக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன். அந்தப் பக்கம் செஃபின் வீடு. போன கோடையில் செத்துப்போன செக் நாட்டுப் பையன் ராடிமின் விஷயமாக வந்திருக்கிறேன். விபத்து என்று நீங்கள் மூடிவிட்ட விஷயம்தான். நீங்கள் கூப்பிடவில்லை, நானாகத்தான் பஸ் ஏறி ஷ்கோடரில் இருக்கிற உங்கள் போலீஸ் நிலையத்துக்கு வந்தேன். அதற்காக எனக்குச் சலுகை வேண்டும் என்று சொல்லவில்லை. யாரும் என்னை இழுத்துக்கொண்டு வரவில்லை என்பது மட்டும் தெரிந்திருக்கட்டும்.

செஃபைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வந்திருப்பதே அவனுக்காக. அவன் பெயர் கெட்டுக் கிடக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பூட்டிக்கொண்டு கடலோரத்துக்குப் போய்விடப் போகிறான். தன்னை யாருக்கும் தெரியாத ஊரில் சிமெண்டு மூட்டை தூக்கப் போகிறான். அவன் ஒரு தப்பும் செய்யவில்லை.

அவனும் நானும் ஒரே வயது. அவன் வீடு பழைய கல்வீடு. கூரை ஒழுகும். வெந்நீர் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. ஆனால் கணவாயிலிருந்து இறங்கும் நடைபாதை நேராக அவன் வாசற்படியில்தான் வந்து முடியும். நடந்து களைத்து வருகிறவன் முதலில் பார்ப்பது அவன் வீட்டுப் புகையைத்தான். செஃப் வாசலுக்கே வந்து பையை வாங்கிக்கொள்வான். சோள ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைப்பான். சாப்பாடு முடிந்ததும் அந்த ஒற்றைத் தந்தி வாத்தியத்தை எடுத்துக்கொண்டு, எப்போதோ துருக்கியரோடு நடந்த சண்டையைக் கழுதை கனைக்கிற குரலில் பாடுவான். வெளிநாட்டுப் பிள்ளைகள் மேசையைத் தட்டித் தாளம் போடுவார்கள். என் முற்றத்தில் உட்கார்ந்தால் அத்தனையும் கேட்கும்.

பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பொறாமைப்படுகிறவன் பேசாமல் இருப்பான்; நான் அவனோடு சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தேன். அவன் வீடு நிறைந்துவிட்டால் மிச்சம் இருப்பவர்களை எனக்கு அனுப்புவான். ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கத்துவான்.

"டேய் வுக்சான், ரெண்டு போலந்துக்காரப் பொண்ணுங்க வருதுங்க. அடுப்பை மூட்டு. ஒருத்தி கறி திங்கமாட்டாளாம். நீ முன்னாடி போய் நிக்காத, டிரானேவை அனுப்பு. உன் மூஞ்சியப் பாத்தா பாலும் திரிஞ்சிரும்."

ஊரே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அவன் மிச்சம் வைத்ததை வாங்கிக்கொண்டு அவனுக்கு நன்றியும் சொல்லுவேன்.

டிரானே என் மனைவி. அவளுக்கு வாய் அதிகம். ஒரு நாள் விரிப்புகளைக் கொடியில் போட்டபடி சொன்னாள்: "யாருமே படுக்காத துணிய எத்தனை தரம்தான் தொவைக்கிறது, மனுஷா? பேசாம நாம ரெண்டு பேரும் தெனம் ஒரு கட்டில்ல மாத்தி மாத்திப் படுப்போம். கொஞ்சமாச்சும் அழுக்காவட்டும்." அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அது உள்ளே இறங்கிவிட்டது.

பாதையில் சிவப்பும் வெள்ளையுமாகப் பாறைகளில் வழிகாட்டும் குறி இருக்குமே, அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன்னால் வெளிநாட்டு இளைஞர்கள் ஒரு கூட்டமாக வந்து அவற்றைப் போட்டார்கள். சாமான் சுமக்க என் கோவேறு கழுதையைத்தான் எடுத்துக்கொண்டு போனார்கள். வேலை முடிந்ததும் மிஞ்சிய பெயிண்டை என் கொட்டகையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். நான் அதைத் தேடிப் போகவில்லை.

கணவாயிலிருந்து இறங்கி வந்தால் பெரிய பீச் மரத்தடியில் பாதை பிரியும். இடது பக்கம் செஃப் வீட்டுக்கு. வலது பக்கம் ஒரு பள்ளத்துக்குள் இறங்கி என் வீட்டுப் பின்பக்கம் வந்து சேரும். பழைய ஆட்டுத் தடம் அது. அதில் நான் எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறேன். டிரானே பாற்குடத்தோடு இறங்கியிருக்கிறாள். காய்ந்த நாளில் ஒன்றும் ஆகாது. மழைக்குப் பிறகு மட்டும் நடுவில் ஓர் இடத்தில் பாறை வழுக்கும். அங்கே பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

போன கோடை தொடங்கியதும் நான் அந்த ஆட்டுத் தடத்தில் குறிகள் போட்டேன். அழகாகவே போட்டேன், கையால் எழுதியது போல் இல்லாமல், அந்தப் பிள்ளைகள் போட்ட மாதிரியே நேர்கோடாக. ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முழங்கால் சிராய்த்து, உள்ளங்கையெல்லாம் மண்ணாக, ஆனால் சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். "என்ன ஒரு வழி" என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். சாகசம் தேடி வந்தவர்களுக்குச் சாகசம் கிடைத்தது. அவர்களுக்கு நல்லதுதான் செய்கிறேன் என்றே நினைத்தேன். கட்டில்களில் ஆள் படுத்தார்கள். டிரானே பாட்டு முணுமுணுத்துக்கொண்டே துவைத்தாள்.

இரண்டு பக்கமும் குறி இருந்ததால் சிலர் குழம்பி இடது பக்கமே போனார்கள். அதனால் பழைய குறியைச் சாம்பல் நிறப் பெயிண்டால் மறைத்தேன். பாறையோடு பாறையாகப் போய்விட்டது.

செஃப் எப்படிக் கவனிக்காமல் இருந்தான் என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் யாரும் அந்தக் குறிகளைப் பார்ப்பதே இல்லை. அந்த மலையில் பிறந்தவனுக்கு எதற்குப் பெயிண்டு? தினமும் அந்த மரத்தடியில் நடந்து போகிறவனைக் கூப்பிட்டுக் குறி எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் முழிப்பான். செஃபும் அப்படித்தான். "இந்த வருஷம் மலைக்கே ஆள் கொறஞ்சுபோச்சு, வுக்சான். டிவியில நம்மளப் பத்தி ஏதாவது தப்பாச் சொல்லிட்டானா?" என்று என்னிடமே கேட்டான். அப்படிக் கேட்டவன், தன் வீட்டுக்கு வந்த கொஞ்சப் பேரில் ஒரு ஜோடியை எனக்கு அனுப்பவும் செய்தான். அந்த ஜோடியை நான் ஏற்றுக்கொண்டேன். அப்போதே எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் குறியை அழிக்கவில்லை.

ராடிம் அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து ஜீப்பில் வந்தவன். அதனால் அவன் செஃப் வீட்டுக்கே போய்விட்டான். கொஞ்ச நாள் தங்கினான். நல்ல பையன். புல் அறுக்க அரிவாள் பிடிக்கக் கற்றுக்கொண்டான். தன் காலையே வெட்டிக்கொள்ளப் பார்த்தான். செஃபின் பாட்டைக் கேட்டு நிஜமாகவே அழுதான் என்று சொன்னார்கள். அதை மட்டும் நான் நம்பவில்லை. பாட்டு அவ்வளவு மோசம்.

ஒரு நாள் காலையில், கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற ஏரியைப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பி வருவதாகக் கிளம்பினான். பை, துணி எல்லாம் செஃப் வீட்டில்தான். இப்படி விருந்தாளி கிளம்பினால் வீட்டுக்காரன் கூடப் போக வேண்டும். அவனுடைய ரொட்டி விருந்தாளியின் வயிற்றில் இருக்கும்வரை விருந்தாளியின் உயிருக்கு அவன்தான் பொறுப்பு. ஆனால் செஃபின் புல் அறுத்துக் காய்ந்துகொண்டிருந்தது. மேற்கே மேகம் கட்டிக்கொண்டு நின்றது. அந்தப் புல் நனைந்தால் பனிக்காலத்தில் மாடு பட்டினி. ராடிமும் தனியாகப் போக வேண்டும் என்றான். "சரி, போயிட்டு வா. குறியப் பாத்துக்கிட்டே வந்தா நேரா எங்க வாசல்லதான் வந்து நிப்ப" என்று செஃப் சொல்லி அனுப்பினான். ஊர்க்காரர்கள் இதைக் கேட்டிருக்கிறார்கள். அவனே பிறகு எல்லோரிடமும் சொன்னான்.

மத்தியானம் மூடுபனி இறங்கியது. பிறகு மழை. ராடிம் திரும்பி வரவில்லை. இருட்டிய பிறகும் செஃப் விளக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான். நாங்கள் பிடித்து நிறுத்தினோம். "நீயும் செத்தா யாருக்கு லாபம்?" என்று ஒருவர் கத்தினார். அவனுடைய ஒரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்.

விடிந்ததும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்தோம். பள்ளத்துப் பக்கம் எனக்கு நன்றாகத் தெரியும், நான் பார்க்கிறேன் என்றேன். நான்தான் பையனைக் கண்டுபிடித்தேன். முதுகில் கட்டிக்கொண்டு அவனை மேலே கொண்டுவந்தேன். மரத்தடியில் என்னைப் பார்த்ததும் எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். செஃப் தரையில் உட்கார்ந்துவிட்டான். "என் விருந்தாளி" என்று மட்டும் சொன்னான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான்.

பையனின் உடலை அவன் நாட்டுக்கு அனுப்பிய பிறகு மாதாகோயிலில் பூசை வைத்தார்கள். பூசை முடிந்ததும் ஆண்கள் எல்லோரும் என் வீட்டுக்கு வந்தார்கள். செஃபின் வீட்டுக்குப் போக யாருக்கும் மனம் வரவில்லை. செஃபும் வந்து கதவோரம் உட்கார்ந்தான். நான் காப்பி கொடுத்துக்கொண்டே வந்தேன். அவன் முறை வந்தபோது கிழவர் பஷ்க் தொண்டையைக் கனைத்தார். ஊரில் அவர் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது.

"விருந்தாளியப் பறிகுடுத்தவனுக்கு எப்படிக் குடுக்கணும்னு ஒனக்குச் சொல்லணுமாடா?"

இன்னொருவர் சொன்னார்: "புல்லைக் காப்பாத்திட்டான்ல. மாடு கும்பிடும் அவன."

அந்த வழக்கம் உங்களுக்கும் தெரியும். இப்போதெல்லாம் யாரும் செய்வதில்லை என்று நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மானம் போனவனுக்குக் கோப்பையைக் கையில் கொடுக்கக் கூடாது. கொடுக்கிறவன் தன் முழங்காலைத் தூக்கி அதற்கு அடியில் நீட்ட வேண்டும். வாங்குகிறவன் குனிந்து வாங்க வேண்டும். அதற்குப் பிறகு அவன் பேச்சு சபையில் எடுபடாது. அவன் வாசலை யாரும் மிதிக்க மாட்டார்கள்.

நான் வீட்டுக்காரன். நான்தான் கொடுக்க வேண்டும். முழங்காலைத் தூக்கினேன். கோப்பையை அதற்கு அடியில் நீட்டினேன். தட்டில் கொஞ்சம் சிந்தியது. செஃப் குனிந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். ஒரு சொட்டு விடாமல் குடித்தான். காலிக் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு, "உன் கைக்கு நோவு வராம இருக்கட்டும், வுக்சான்" என்றான். காப்பி கொடுத்தவனுக்கு எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். வாசல்வரை நடந்து போனவன், திரும்பிப் பார்க்காமல் ஓடையைக் கடந்து போய்விட்டான். அதன்பிறகு அவன் என்னை 'டேய்' என்று கூப்பிட்டதே இல்லை.

அன்றைக்கு நான் வாயைத் திறந்திருக்கலாம். அத்தனை பேரும் இருந்தார்கள். ஒரு வாக்கியம் போதும். நான் அடுத்த ஆளுக்குக் காப்பி கொடுத்தேன். அவர் கையில் கொடுத்தேன்.

அப்புறம் நடந்தது எல்லாம் எதிர்பார்த்ததுதான். செஃபின் மகனுக்குப் பேசி முடித்திருந்த பெண்வீட்டார், "அவசரமென்ன, பாப்போம்" என்று சொல்லி அனுப்பினார்கள். அவன் மனைவி தண்ணீருக்குப் போனால் மற்றப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். வெளிநாட்டுக்காரர்களைக்கூட ஊர்ப்பிள்ளைகள் வழிமறித்து என் வீட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். இப்போது எனக்குக் குறி தேவைப்படவில்லை. வீடு நிறைந்திருக்கிறது. மிச்சம் இருப்பவர்களை அனுப்ப எதிர்வீடுதான் இல்லை.

போன வாரம் பையனின் அம்மா வந்தாள். பிளாங்கா என்று பெயர். மொழிபெயர்க்க ஒரு பெண்ணும் கூட வந்திருந்தாள். என் வீட்டில்தான் தங்கினார்கள். மகன் விழுந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். கூட்டிப்போனேன். எங்களுக்கு முன்னால் செஃப் அங்கே வந்து நின்றுகொண்டிருந்தான். தலையில் தொப்பி இல்லை. அவள் கிட்டே வந்ததும் மண்டியிட்டான்.

"அம்மா, உங்க புள்ள என் விருந்தாளி. என் ரொட்டியத் தின்னான். புல்லு நனைஞ்சிரும்னு நான் கூடப் போகாம விட்டுட்டேன். நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

அந்தப் பெண் மொழிபெயர்த்தாள். அம்மாவுக்குப் புரியவில்லை. எந்தப் புல், எதற்குப் புல் என்று கேட்டாள். புரிந்ததும் அவளும் அவனோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என் புள்ள சின்னக் குழந்தை இல்ல. தனியாப் போவேன்னு அவனேதான் கேட்டிருப்பான். வீட்லயும் அப்படித்தான். உங்க பாட்டப் பத்தி எனக்கு ஃபோன்ல சொன்னான். நீங்க எந்தத் தப்பும் பண்ணல" என்றாள். அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

செஃப் சொன்னான்: "நீங்க மன்னிச்சுட்டீங்க, அம்மா. பெரிய மனசு. ஊர்ல காப்பி குடுக்கறது நீங்க இல்லையே."

அந்தப் பெண்ணுக்கு அதை மொழிபெயர்க்கத் தெரியவில்லை. விட்டுவிட்டாள்.

பிறகு அம்மா எழுந்து என்னிடம் வந்தாள். என் இரண்டு கைகளையும் எடுத்து முத்தமிட்டாள். தன் மகனைச் சுமந்துவந்த கைகள் என்றாள். கடைசியாக அவனைத் தொட்டவர் நீங்கள், அவனுக்கு வலித்திருக்குமா என்று கேட்டாள். இல்லை, உடனே போய்விட்டது, ஒன்றும் தெரிந்திருக்காது என்று சொன்னேன்.

அதனால்தான் வந்தேன். நான் சொன்னது பொய்.

அன்று காலை பீச் மரத்தடிக்கு நான் வந்தபோதே விசில் கேட்டது. மலையேறுகிறவர்கள் பையின் வாரில் மாட்டியிருப்பார்களே, அந்தச் சின்ன பிளாஸ்டிக் விசில். பள்ளத்துக்குள்ளிருந்து கேட்டது. சன்னமாக, ஆனால் விடாமல். கொஞ்சம் ஊதுவான், நிறுத்துவான், மறுபடி ஊதுவான். பையன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்துகொண்டேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை நீங்கள் நம்ப வேண்டும்.

ஆனால் அவனைத் தூக்க மற்றவர்களைக் கூப்பிட வேண்டும். அவர்கள் வந்தால் அந்தத் தடம் முழுக்கச் சிவப்பும் வெள்ளையும் இருக்கும். அவனும் வாயைத் திறந்து குறியைப் பார்த்துத்தான் வந்தேன் என்பான். அதனால் முதலில் குறிகளை அழிக்க வேண்டியிருந்தது. சாம்பல் பெயிண்டையும் பிரஷ்ஷையும் கோணிப்பையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். ஈரப் பாறையில் பெயிண்டு ஒட்டவில்லை. சட்டையைக் கழற்றி ஒவ்வொரு பாறையையும் துடைத்துவிட்டுப் பூசினேன். பிறகு மரத்தடிக்கு ஏறி, பழைய குறியின் மேலிருந்த சாம்பலைக் கத்தியால் சுரண்டினேன். அது முன்பு போலத் தெரிய வேண்டும், இல்லையா. அவசரப்படவில்லை. அவசரப்பட்டால் அரைகுறையாகப் போய்விடும். விசில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இடையில் ஒரு தடவை, "வந்துட்டேன் தம்பி, வந்துட்டேன்" என்று கீழே பார்த்துக் குரல் கொடுத்தேன். அப்போது அவன் வேகமாக ஊதினான்.

நான் இறங்கிப் போனபோது விசில் வாயில்தான் இருந்தது, மூச்சு இல்லை. உடம்பு சூடாக இருந்தது. முதுகில் கட்டி ஏறும்போதும் சூடு என் முதுகில் தெரிந்தது. இன்றைக்கும் சில சமயம் தெரிகிறது.

அவன் பிழைத்திருப்பானா என்று மருத்துவரிடம் கேளுங்கள், எனக்குத் தெரியாது. நான் அவனைத் தள்ளவில்லை. ஆனால் காத்திருந்தேன். குறிகள் முடியட்டும் என்று காத்திருந்ததாகத்தான் இதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு உங்கள் முன்னால் சொல்லும்போது, விசில் நிற்கட்டும் என்றுதான் காத்திருந்தேன் என்று தெரிகிறது. வெட்கமாக இருக்கிறது, ஐயா. நீங்கள் என் கையில் கொடுத்த இந்தக் காப்பியை என்னால் குடிக்க முடியவில்லை.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், போடுகிறேன். நீதிமன்றத்தில் மாற்றிப் பேச மாட்டேன். எத்தனை வருஷம் கொடுத்தாலும் இருக்கிறேன். செஃபுக்கு நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். அந்த மட்டில் மனசு கொஞ்சம் லேசாகியிருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வீட்டைச் சோதனை போட உங்கள் ஆட்கள் லிஸ்னாவுக்கு வருவார்கள். வண்டியைப் பார்த்ததும் ஊர் கூடிவிடும். வுக்சான் எங்கே, என்ன செய்தான் என்று பஷ்க் கேட்பார். செஃபும் சாமான் ஏற்றுவதை விட்டுவிட்டு வந்து கேட்பான். காட்டில் திருட்டு மரம் வெட்டியதற்காகப் பிடித்து வைத்திருக்கிறோம் என்று சொல்லச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்தில் அதற்காக யாரும் யாரையும் ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார்கள்.